ஸர் ஜோஸப் விட்வொர்த்

மகாபாரதக் கதை கேளாதார் நம்முள் எவரும் இலர். துரோணாசாரியர் தம் மாணாக்கரின் திறத்தைச் சோதிக்க எண்ணி, மரக்கிளையில் பொம்மைப் பறவையொன்றை அமைத்து, அவரவர் கண்ணுக்குத் தோன்றுவது யாதென வினவினார். மரத்தையும் கிளையையும் அருகில் நின்றாரையும் ஒருங்கே கண்டவர்கள் வில்லைக் கீழே வைக்க நேர்ந்தது. பறவையின் தலையை மட்டுமே கண்ட அருச்சுனன் அதனை வீழ்த்திப் புகழெய்தினான். குறி தவறாத அக் கண்ணை நாம் இன்றளவும் போற்றுகின்றோம். ஆயினும் அவன் கையிலிருந்த அம்பு வளைந்திருந்ததாயின், அக் கண்ணால் விளைந்திருக்கக்கூடிய பயன் யாது? அவ்வம்பை அனலில் வாட்டி, கண்ணருகே பிடித்துப் பார்த்து, கோணல் நீக்கிக் கொடுத்த தொழிலாளன் எவன்? அவன் பெயரைக் கதை கூறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசத்தில் அம்பின் கோணல் நீக்கும் தொழிலுக்கு ஒப்பான தொழிலைத் தம் வாழ்நாள் முழுவதும் புரிந்து, அதனால் நிலைத்த பெயர் பெற்றவர் ஒருவர் இருந்தார். அவரே ஸர் ஜோஸப் விட்வொர்த். இயந்திரப் பட்டறைகளில் பழகியோர்க்கு அவர் பெயர் திருகாணியின் மரையோடு சேர்ந்து வழங்கும். துப்பாக்கியின் வரலாற்றைக் கற்றோர்க்கோ ஆறு பட்டையுள்ள குழலோடு சேர்ந்து வழங்கும். அவ்விரண்டும் ஒரே வேரினின்று தோன்றிய இரு கிளைகள் என்பதையும், அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இன்னது என்பதையும் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

இளமை

ஜோஸப் விட்வொர்த் 1803-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் நாள் ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் பள்ளியாசிரியர். பிற்காலத்தில் சபைப் போதகரானார். இளமையிலேயே தாயை இழந்த அச் சிறுவர், பதினான்காம் வயதளவில் கல்வியை முடித்துக்கொண்டு, டார்பிஷயரில் பஞ்சாலை நடத்திவந்த தம் மாமனிடம் தொழில் பழக அனுப்பப்பெற்றார். காலக்கிரமத்தில் அவரை ஆலையில் பங்காளியாக்கிக்கொள்வது உறவினரின் கருத்து. செல்வமும் சௌகரியமும் நிறைந்த வாழ்வு அவருக்கு முன் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

ஆனால் இளைஞரின் உள்ளம் பஞ்சின் விலையில் பற்றவில்லை. ஆலையில் ஓடிய இயந்திரங்களின்மேற் சென்றது. அவை எவ்வளவு குறைபாடுடையன என்பதை அவர் கண்கள் கண்டுகொண்டன. 1821-ஆம் ஆண்டில் அவர் மாமன் வீட்டை விட்டு நீங்கி, மான்செஸ்டர் நகரையடைந்து, ஓர் இயந்திரப் பட்டறையில் கூலித் தொழிலாளராக அமர்ந்தார். பங்காளியாக வேண்டியவர் அரத்தைக் கையிலெடுத்தார். உறவினர் அதனைப் பேதைமை என்று எண்ணியிருத்தல் கூடும். அவரோ பின்னாளில் அதனை எண்ணி வருந்தியதாக எங்கும் கேள்வியில்லை.

தொழிற்கல்வி

1825-ஆம் ஆண்டில் பிரான்ஸெஸ் ஆங்கர்ஸ் என்னும் நங்கையை மணந்த பின்னர், விட்வொர்த் லண்டன் மாநகர் சென்று, ஹென்றி மாட்ஸ்லி என்னும் பெருந்தச்சரின் பட்டறையிற் சேர்ந்தார். அக் காலத்து இயந்திரத் தொழிலாளர்க்கு அப் பட்டறை ஒரு பல்கலைக் கழகம் போன்றது. மாட்ஸ்லி தம் மேசைமேல் நுண்ணிய அளவுகோற் கருவியொன்றை வைத்திருந்தார். அளவைப்பற்றி எழும் வழக்குகள் யாவும் அதன் முன்னிலையில் முடிவுபெற்றமையின், நாட்டின் உயர்நீதி மன்றத் தலைவர்க்குரிய பட்டத்தையே அதற்குப் பெயராகத் தொழிலாளர் இட்டு வழங்கினர். பின்னர் ஜோஸப் கிளமெண்டு என்பாரிடமும் விட்வொர்த் பணியாற்றினார். பாபேஜ் என்னும் கணித அறிஞர் வகுத்த கணக்கியந்திரத்தின் உறுப்புகளைச் செய்துவந்தவர் இக் கிளமெண்டே.

லண்டனில் இருந்த காலத்தில் விட்வொர்த்தின் மனத்தை ஓயாது அலைத்த வினா ஒன்று உண்டு. மெய்யான சமதளம் ஒன்றை உலோகத்தில் எங்ஙனம் உண்டாக்குவது என்பதே அது. கேட்பதற்கு எளிதாயினும் செய்வதற்கு அரியது. இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று உராய்த்துத் தேய்த்தால், அவை ஒன்றோடொன்று நன்கு பொருந்தும். ஆனால் ஒன்று சற்றே மேடாகவும் மற்றொன்று அதற்கேற்பச் சற்றே குழிவாகவும் இருத்தல் கூடும். இரண்டு பொய்கள் ஒன்றுக்கொன்று இசைந்து நின்று மெய்போலத் தோன்றும் நிலை இது. விட்வொர்த் மூன்று தகடுகளை எடுத்துக்கொண்டார். முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை மீண்டும் முதலாவதோடும் வண்ணம் தடவி வைத்துப் பார்த்து, வண்ணம் பற்றிய மேடுகளைக் கூரிய சுரண்டியால் சிறிது சிறிதாகச் சுரண்டினார். மூன்றும் ஒன்றோடொன்று மாறிமாறிப் பொருந்தவேண்டுமாயின், மூன்றும் சமதளமாக இருந்தாலன்றி இயலாது. மூன்றாவது சாட்சி வந்தவுடன் பொய் வெளிப்பட்டுவிடும். இம் முறையை அவர் 1840-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் கூடிய விஞ்ஞானச் சங்கத்தாருக்கு விளக்கினார்.

மரையும் அளவும்

1833-ஆம் ஆண்டில் மான்செஸ்டருக்குத் திரும்பி, ஒரு சிறு பட்டறை திறந்து, லண்டனிலிருந்து வந்த கருவி செய்வோர் என்று பலகை தொங்கவிட்டார். அந் நாளில் ஒரு பட்டறையிற் செய்த திருகாணி அடுத்த தெருவிலுள்ள பட்டறையின் சுரையிற் பொருந்தாது. ஒரு திருகாணி தொலைந்தால், அதனைச் செய்தவரையே தேடிப் போகவேண்டும். விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்தும் திருகாணிகளைச் சேகரித்து, அவற்றின் மரைகளை அளந்து சராசரி கண்டு, மரையின் கோணம் 55 பாகை என்றும், கால் அங்குலத் திருகாணிக்கு அங்குலத்துக்கு 20 மரை, ஓரங்குலத் திருகாணிக்கு 8 மரை என்றும் இவ்வாறே ஒழுங்கு வகுத்து, 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாளடைவில் ஆங்கிலப் பட்டறைகள் யாவும் அதனையே மேற்கொண்டன. நம் நாட்டு ரயில்வேப் பட்டறைகளிலும் நெடுங்காலம் அவர் மரையே வழங்கியது. மீட்டர் அளவை வந்த பின்னரே அதன் ஆட்சி குறைந்தது.

அளவையில் அவர் எய்திய உச்சம் 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்காட்சியில் விளங்கியது. அங்கு அவர் வைத்த கருவியொன்று ஓரங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டவல்லது. அதன் அமைப்பு மாயமன்று. அங்குலத்துக்கு 20 மரையுள்ள திருகாணி. அதனைச் சுழற்றும் 200 பல்லுள்ள சக்கரம். அதனை இயக்கும் மற்றொரு சக்கரத்தின் விளிம்பில் 250 பிரிவுகள். மூன்றையும் பெருக்கினால் பத்து லட்சம் வரும். விரல் பட்ட வெப்பத்தால் இரும்புத் துண்டு நீளுவதைக்கூட அக் கருவி உணர்ந்துகொள்ளும்.

துப்பாக்கியை ஆராய்தல்

1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்து கிரிமியப் போரில் ஈடுபட்டது. சேனைக்கு என்பீல்டு ரைபிள்கள் பெருந்தொகையாக வேண்டியிருந்தன. அவற்றைச் செய்தற்குரிய இயந்திரங்களை அமைத்துத் தருமாறு அரசாங்கத்தார் விட்வொர்த்தை வேண்டினர். பெரும்பொருள் தரக்கூடிய அவ் வேலையை அவர் உடனே ஏற்கவில்லை. நல்ல குழல் எது என்பது தெரியாதிருக்க, அதனை ஆயிரக்கணக்கிற் செய்ய இயந்திரம் அமைப்பது தவறு. குழலின் உள்விட்டம் எவ்வளவு, முறுக்கு எவ்வளவு, குண்டின் வடிவம் யாது என்பவற்றை முதலில் சோதனையால் அறிதல் வேண்டும் என்று அவர் தெரிவித்தார். அரசாங்கத்தார் இசைந்தனர். மான்செஸ்டருக்கு அருகில் அவர் இல்லத்தைச் சார்ந்த நிலத்தில், காற்றும் மழையும் புகாதவாறு மூடிய 500 கஜ நீளமுள்ள ஒரு கூடம் அரசாங்கச் செலவில் எழுந்தது. எழுந்த சில நாட்களில் பெரும்புயல் ஒன்று அதனை வீழ்த்தியது. மீண்டும் கட்டி, 1855-ஆம் ஆண்டில் சோதனை தொடங்கினர். கூடத்தின் நெடுகிலும் மெல்லிய தாள்களைத் திரைபோல் நிறுத்தி, குண்டு துளைத்துச் சென்ற இடங்களைக் கண்டு, அது செல்லும் வழியை அடியடியாக ஆராய்ந்தனர்.

சோதனையிற் புலப்பட்டதை மாணவர்கள் பம்பரத்தை நினைத்து எளிதில் அறியலாம். விரைந்து சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கும். சுழற்சி தளர்ந்தால் தள்ளாடும். நீண்ட குண்டும் அவ்வாறே. என்பீல்டு ரைபிளின் உள்விட்டம் 0.577 அங்குலம், அதன் முறுக்கு 78 அங்குலத்தில் ஒரு சுற்று. குழலின் நீளமோ 39 அங்குலம். ஆகவே குண்டு வெளிவருமுன் அரைச் சுற்றே சுற்றும். விட்வொர்த் உள்விட்டத்தை 0.451 அங்குலமாகச் சுருக்கினார். முறுக்கை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக நெருக்கினார். குண்டின் எடை இரண்டிலும் ஏறக்குறைய 530 கிரெயினே. எடை ஒன்றாயிருக்கத் துவாரம் சிறுத்தமையின், குண்டு நீண்டு மெலிந்து, காற்றை எளிதிற் கிழித்துச் சென்றது. குழலின் உட்புறத்தை வட்டமாக விடாது ஆறு பட்டைகளாகத் திருகி அமைத்து, குண்டையும் அவ் வடிவினதாகவே செய்தார். நட்டும் திருகாணியும் போல அவை ஒன்றோடொன்று பொருந்தின. மரை செய்த கை இங்கும் தன் வேலையைக் காட்டிற்று.

1857-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹைத் என்னும் கடற்கரையூரில் இரண்டு ரைபிள்களும் போர் அமைச்சர் முன்னிலையிற் சோதிக்கப்பட்டன. 500 கஜத் தொலைவில், துளைகளின் நடுவிடத்திலிருந்து ஒவ்வொரு துளையும் விலகிநின்ற தூரத்தின் சராசரி, என்பீல்டுக்கு 2.24 அடி; விட்வொர்த்துக்கு 0.37 அடி. அஃதாவது முன்னது ஏறக்குறைய 27 அங்குலமும், பின்னது நாலரை அங்குலமும் விலகின. அதே ஆண்டில் நம் நாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுதற்கு ஒரு காரணமாயிருந்த கொழுப்புத் தோட்டா அந்த என்பீல்டு ரைபிளுக்குரியதே என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

குறியை நேர்செய்தல்

மேலே கூறிய அளவில் ஒரு நுட்பம் உண்டு. ஹைத் சோதனையில் குறியின் மையத்திலிருந்து அளவாது, துளைகளின் நடுவிடத்திலிருந்தே அளந்தனர். அது ஏன்? துப்பாக்கியின் பிழை இருவகைப்படும். துளைகள் யாவும் ஓரிடத்தில் நெருங்கி விழுந்து, அவ்விடம் குறிக்கு இடப்புறமாகவோ மேலாகவோ இருப்பது ஒருவகை. துளைகள் நாற்புறமும் சிதறிக் கிடப்பது மற்றொருவகை. முதற்பிழை பார்வைக்குறியின் பிழை. ஒரு திருப்பில் தீர்ந்துபோகும். இரண்டாம் பிழை குழலிலோ குண்டிலோ மருந்திலோ சுடுவோனின் கையிலோ உள்ளது. எத்துணை திருப்பினும் பார்வைக்குறி அதனைத் தீர்க்காது. ஆகவே முதலில் துளைகளை நெருங்கச் செய்தல் வேண்டும். பின்னரே அந் நெருக்கத்தைக் குறியின்மேல் கொணர்தல் வேண்டும். இதனையே பட்டாளத்தார் ‘ஸீரோ’ செய்தல் என்பர்.

அதனைச் செய்யும் முறை எளியது. பொறுமையே அதற்கு முதல். ரைபிளை அசையாத தாங்கியில் வைத்து, ஒரே தொகுதியைச் சேர்ந்த குண்டுகளையும் ஒரே எடையுள்ள மருந்தையும் கொண்டு சில முறை சுட்டு, துளைகளின் நடுவிடத்தைக் காணவேண்டும். ஒரு துளையைக் கண்டவுடன் திருகாணியைத் திருப்புவோன் தன்னையே ஏமாற்றிக்கொள்கின்றான். நடுவிடம் இடப்புறம் விலகியிருப்பின், கண்ணருகேயுள்ள பின்தகட்டை வலப்புறம் நகர்த்தல் வேண்டும். குழல்முனையிலுள்ள முள்ளை நகர்த்துவதாயின் இடப்புறமே நகர்த்தல் வேண்டும். எவ்வளவு நகர்த்துவது? முள்ளுக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு கஜம் இருப்பதாகக் கொள்வோம். தகட்டை ஓரங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கு நகர்த்தினால், 100 கஜத்தில் ஓரங்குலமும், 500 கஜத்தில் ஐந்தங்குலமும் குறி மாறும். இதனால் பார்வைக்குறியை நகர்த்தும் திருகாணி எத்துணை நேர்த்தியாக இருத்தல் வேண்டும் என்பது விளங்கும். மரை தளர்ந்த திருகாணி ஒவ்வொரு வெடிக்கும் சிறிது அசையும். நேற்றுச் சரியாயிருந்த குறி இன்று பொய்த்துப்போகும்.

துணைக்கருவிகளும் அத்தகையனவே. பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட்சன் என்னும் சேனை அதிகாரி வகுத்த தொலைநோக்கி, சில விட்வொர்த் ரைபிள்களின் இடப்பக்கத்திற் பொருத்தப்பட்டது. தூரத்துப் பொருளை அருகிற் காட்டும் அக் கண்ணாடியும், தான் அமர்ந்த தாங்கி உறுதியாக இருந்தாலன்றிப் பயன்படாது.

இனிப் பேணும் முறை. அக் காலத்துக் கருமருந்து எரிந்தபின் குழலினுள் கசடு படியும். சிறிய துவாரத்தில் அது விரைவிற் சேர்ந்து, அடுத்த குண்டை உள்ளே தள்ளுதற்கும் இடங்கொடாது. அக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, ஓர் இரவிற்குள் எஃகில் துருவேற்றும். ஆதலின் சுட்டவுடன் நீரால் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தல் வேண்டும். மீண்டும் சுடுமுன் அவ்வெண்ணெயை முற்றும் துடைத்தெடுத்தல் வேண்டும். எண்ணெய்க் குழலின் முதற்குண்டு வழி தவறும். எல்லாவற்றினும் மேலாகக் குழலின் முனையைக் காத்தல் வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டு நீங்கும் இடம் அதுவே. துடைக்கும் கோலைக் கவனமின்றி உராயவிட்டு அம் முனையைத் தேய்த்தவன், தன் ரைபிளைத் தானே கெடுத்தவனாவான். விட்வொர்த் அங்குலத்தின் மிக நுண்ணிய பங்கையும் பேணிச் செய்த குழலை, கவனமற்ற கை ஒரு மாதத்திற் பாழாக்கிவிடும்.

இவை யாவும் 1860-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ஆம் நாள் உலகறிய விளங்கின. அன்று விம்பிள்டன் வெளியில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதற் போட்டியை விக்டோரியா அரசியார் தொடங்கிவைத்தார். விட்வொர்த் ரைபிள் ஒன்று இரும்புத் தாங்கியிற் பொருத்தப்பட்டு, 400 கஜத் தொலைவிலுள்ள குறியை நோக்கி வைக்கப்பட்டிருந்தது. விட்வொர்த் அதனைச் சரிபார்த்து, விசையிற் பிணைத்த பட்டுக்கயிற்றை அரசியாரிடம் அளித்தார். அரசியார் கயிற்றை மெல்ல இழுத்தார். குண்டு குறியின் நடுவட்டத்திற் பாய்ந்தது. கூடியிருந்தோர் ஆரவாரித்தனர். ஆனால் குண்டின் வழி, கயிற்றை இழுத்த கணத்தில் தீர்மானிக்கப்படவில்லை. தாங்கியின் உறுதியிலும் குழலின் தூய்மையிலும் குறியின் நேர்மையிலும் அது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

தோல்வியும் வெற்றியும்

இத்துணைச் சிறப்பிருந்தும் சேனையதிகாரிகள் அந்த ரைபிளைப் பொதுப் படைக்கு ஏற்கவில்லை. துவாரம் சிறியது, கசடு விரைவில் அடைக்கும், விலையோ என்பீல்டைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு என்று காரணம் கூறினர். விட்வொர்த்துக்கு அது பெருந் துயரம் விளைத்தது. தம் அளவைகள் மெய்யாயிருக்க, அவற்றை ஏற்காதார் அறிவிலாதார் என்றே அவர் கருதினார். பீரங்கி செய்வதிலும் ஆர்ம்ஸ்ட்ராங் என்பாரோடு நெடுங்காலம் போட்டியிட்டார்.

ஈண்டு நாம் நடுநிலை பிறழாது ஒன்று கூறவேண்டும். விட்வொர்த்தின் சோதனையில் உயிராய் நின்றவை சிறிய துவாரமும், நீண்ட குண்டும், நெருங்கிய முறுக்குமே. ஆறு பட்டை வடிவம் அவற்றுக்கு ஓர் உடை போன்றது. அவருக்குப் பின்வந்த துப்பாக்கி வல்லுநர் பலர், வேறு வடிவக் குழல்களாலும் அத்துணை நுட்பத்தை எய்தினர். விட்வொர்த்தோ தம் ஆறு பட்டையை விடாப்பிடியாகப் பற்றிநின்றார். மூன்றாவது தகட்டைக் கொண்டு இரண்டு தகடுகளின் பொய்யை வெளிப்படுத்தியவர், தம் கருத்தைச் சோதித்தற்கு மூன்றாவது சாட்சியைத் தேடவில்லை. உலோகத்தின் மேட்டைச் சுரண்டுதல் எளிது. உள்ளத்தின் மேட்டைச் சுரண்டுதல் அரிது. எனினும் அவர் கண்ட உண்மை வீண்போகவில்லை. 1871-ஆம் ஆண்டில் ஆங்கிலச் சேனை மேற்கொண்ட மார்டினி-ஹென்றி ரைபிளின் உள்விட்டம் 0.45 அங்குலம், முறுக்கு 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பெயர் வேறாயினும் அளவு ஏறக்குறைய அவர் கண்ட அளவே.

மற்றொன்றும் மறைத்தற்குரியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னாட்டுப் படையினர் சிறு தொகையான விட்வொர்த் ரைபிள்களைப் பெற்று, தேர்ந்த குறிகாரர் கையிற் கொடுத்தனர். 1864-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், ஸ்பாட்ஸில்வேனியா என்னுமிடத்தில், வடநாட்டுச் சேனாபதி ஜான் ஸெட்விக் நெடுந்தொலைவிலிருந்து வந்த குண்டால் உயிர் நீத்தார். அது விட்வொர்த் ரைபிளின் குண்டே என்று பலர் எழுதியுள்ளனர். அடிமைத்தனத்தைக் காக்க நின்றோரின் கையிலும், விம்பிள்டனில் விளையாட்டாகச் சுட்டோரின் கையிலும் அக் குழல் ஒன்றுபோலவே நேராகச் சுட்டது. நேர்மையான கருவி தன் குறியைத் தான் தெரிந்துகொள்வதில்லை. அதனைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு, கருவியைத் தாங்கிய மனிதனையே சாரும். கருவி எத்துணை நுட்பமாகின்றதோ, அத்துணை கனமாகின்றது அப் பொறுப்பு.

கொடையும் முடிவும்

விட்வொர்த் தம் செல்வத்தைக் கல்விக்குப் பயன்படுத்தியதை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். 1868-ஆம் ஆண்டில் அவர் ஒரு லட்சம் பவுன் நிதி ஏற்படுத்தி, ஆண்டுக்கு 100 பவுன் வீதம் முப்பது உபகாரச் சம்பளங்களை இயந்திரக் கல்வி பயிலும் இளைஞர்க்கு வழங்கச் செய்தார். அவற்றைப் பெற விரும்புவோர் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தேறினால் மட்டும் போதாது. அரம், உளி முதலிய கருவிகளைக் கையாளும் திறத்தையும் காட்டல் வேண்டும் என்று விதித்தார். ஏட்டறிவும் கையறிவும் பிரிந்து நிற்பது நாட்டுக்குக் கேடு என்பது அவர் கொள்கை. 1853-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, அங்குள்ள தொழிலாளர் கல்வியையும் இயந்திரங்களையும் கண்டு வந்தது அக் கொள்கையை வலுப்படுத்தியது. அவர் பெயரால் அமைந்த உபகாரச் சம்பளங்கள் இன்றும் வழங்கப்பட்டு வருகின்றன.

1857-ஆம் ஆண்டில் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவர், 1869-ஆம் ஆண்டில் பாரனெட் பட்டம் பெற்றார். முதல் மனைவியார் மறைந்தபின் 1871-ஆம் ஆண்டில் மறுமணம் புரிந்தார். மக்கட்பேறு அவருக்கு வாய்க்கவில்லை. முதுமையில் குளிர்காலத்தைத் தென்திசைக் கடற்கரையிற் கழிக்கச் சென்றிருந்தபோது, 1887-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ஆம் நாள் மாண்டிகார்லோவில் காலமானார். தம் இல்லம் அமைந்திருந்த டார்லி டேல் என்னும் ஊரின் தேவாலயத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு, மான்செஸ்டரில் ஒரு கலைக்கூடமும் பூங்காவும், பிறவிடங்களில் வேறு அறநிலையங்களும் எழுந்தன.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரியில் தேசிய மாணவர் படையிற் சேர்ந்து ரைபிள் பயில்வோரும், ரஸாயனச் சாலையில் தராசு பிடிப்போரும், கணக்கெழுதுவோரும் விட்வொர்த்தின் வாழ்வினின்று ஒரே பாடத்தைக் கற்கலாம். முடிவு பொய்த்தபோது காற்றையும் வெயிலையும் குறைகூறுமுன், நம் கருவி தூயதா, திருகாணி இறுகியதா, அளவு மெய்யா என்று பார்ப்போம். ஒருமுறை கண்ட பிழைக்காகக் குறியை மாற்றாது, பலமுறை கண்டு நடுவிடம் அறிந்து மாற்றுவோம். சிதறலைப் பார்வைக்குறியால் மறைக்க முயலாது, அதன் காரணத்தைத் தேடுவோம். இவையெல்லாம் செய்த பின்னரும், நாம் கொண்ட குறி கொள்ளத்தக்கதுதானா என்னும் வினா எஞ்சி நிற்கும். அதனை அளக்க விட்வொர்த்தின் கருவி உதவாது. ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக்கொண்டே அளத்தல் வேண்டும்.